ஐரோப்பால அப்பா அம்மாவுக்கு ஃப்ரீ பஸ், பாதி விலை ட்ரெய்ன்: யாருக்கு எங்க கிடைக்கும், எப்படி வாங்கணும்

லண்டன்ல நம்ம ஆளுங்க நாலு பேர் ஒண்ணு சேர்ந்தா, அது கோயிலா இருக்கட்டும் ஈஸ்ட் ஹாம் மளிகை கடையா இருக்கட்டும், இந்த கேள்வி வந்துரும்: "இங்க வயசானவங்களுக்கு பஸ் ட்ரெய்ன் எல்லாம் ஃப்ரீயாமே, எங்க அம்மாவுக்கு எப்படிங்க வாங்குறது?" ஒருத்தர் ஆமா ஃப்ரீதான்னுவார், இன்னொருத்தர் அதெல்லாம் நமக்கு கிடையாதுன்னுவார், ரெண்டு பேர் சொல்றதும் அவங்கவங்க வீட்டுக்கு சரியாதான் இருக்கும், ஆனா உங்க வீட்டுக்கு எது பொருந்தும்னு அவங்களால சொல்ல முடியாது. பல பெரியவங்களுக்கு இந்த ஃபார்ம் எல்லாம் நிரப்பி கொடுத்துட்டு இருக்கேன், அதனால தெரிஞ்சதை எல்லாம் ஒரே இடத்துல எழுதிடறேன், உங்க வீட்டு பெரியவங்களுக்கு எது தேவையோ அதை மட்டும் எடுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், இது எல்லாமே மூணு விஷயத்தை வெச்சுதான் முடிவாகுது. எத்தனை வயசு, எங்க குடியிருக்காங்க, எந்த நாட்டு பாஸ்போர்ட். சில சலுகை அந்த ஊர்லயே குடியிருக்கறவங்களுக்கு மட்டும், லண்டன்ல பெரியவங்களுக்கு கொடுக்கற ஃப்ரீடம் பாஸ்ங்கற ஃப்ரீ பயண கார்டு அப்படித்தான், எஸ்டோனியாவுல தாலின் நகரம் 2013-ல கொண்டு வந்த இலவச பஸ்ஸும் அந்த ஊர்ல பதிவு பண்ணினவங்களுக்குத்தான். சிலது ஐரோப்பிய யூனியன் குடிமக்களுக்கு, ஹங்கேரி மாதிரி. சிலதுக்கு வயசு மட்டும் போதும், சென்னையில இருந்து நேத்து வந்து இறங்கினவங்களும் பாஸ்போர்ட்டை காட்டி வாங்கிக்கலாம். விசிட் விசாவுல வர்ற அப்பா அம்மாவுக்கு நாம தேட வேண்டியது இந்த மூணாவது வகை. ஆனா நிறைய பேர் முதல் வகைல தேடி பார்த்துட்டு, நமக்கு ஒண்ணும் இல்லன்னு முழு காசும் கொடுத்து போயிட்டு இருக்காங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

இங்கிலாந்துல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இங்கதான் குழப்பமும் அதிகம், பலனும் அதிகம்.

இங்கிலாந்துல பஸ் பாஸ் வயசு அரசாங்க பென்ஷன் வயசோட கட்டி வெச்சிருக்கு. அது இவ்வளவு நாள் 66, 1960 ஏப்ரல் 6-ல இருந்து பொறந்தவங்களுக்கு மாசம் மாசமா தள்ளிப் போய் 67 ஆகுது, அதனால பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு 66-ல கிடைச்சுதேன்னு கணக்கு போடாதீங்க, அரசாங்க வெப்சைட்ல பொறந்த தேதியை போட்டா பஸ் பாஸ் எந்த தேதியில இருந்துன்னு அதுவே சொல்லிடும். இதுல முக்கியமா ஒண்ணு கவனிங்க: பென்ஷன் வயசு வந்தா போதும், பென்ஷன் வாங்கிட்டு இருக்கணும்னு அவசியமே இல்ல. இங்க ஒரு நாள் கூட வேலை பார்க்காம பிள்ளைங்களோட வந்து செட்டில் ஆன அம்மாக்கள் நிறைய பேர், எனக்குத்தான் பென்ஷனே கிடையாதே நான் எப்படி கேக்கறதுன்னு ஒதுங்கிடறாங்க. கேளுங்கம்மா, இதுக்கும் வேலை பார்த்த வருஷத்துக்கும் சம்பந்தமே இல்ல, வயசும் இங்க வீடும் இருந்தா அது உங்களுக்கு உரியது.

அந்த பாஸை கொடுக்கறது உங்க ஏரியா கவுன்சில், அதாவது நகராட்சி. 2008-ல இருந்து ஒரு ஊர் கவுன்சில் கொடுத்த பாஸ் இங்கிலாந்து முழுக்க லோக்கல் பஸ்ல செல்லும், அதாவது லெஸ்டர்ல வாங்கின பாஸை பர்மிங்ஹாம்ல மகள் வீட்டுக்கு போனப்பவும் காட்டலாம். வார நாள்ல காலைல ஒன்பதரை மணில இருந்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும், சனி ஞாயிறும் பேங்க் ஹாலிடேவும் நாள் பூரா. சில கவுன்சில் தன் ஏரியாவுக்குள்ள மட்டும் இன்னும் சீக்கிரமே விடும், அதை அவங்ககிட்டயே கேட்டுக்கணும். ஆனா இந்த பாஸ் வேல்ஸ்லயும் ஸ்காட்லாந்துலயும் செல்லாது, தூரமா போற கோச் பஸ்லயும் பொதுவா செல்லாது.

வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துல இருக்கறவங்களுக்கு இன்னும் நல்ல வசதி, 60 வயசுலயே கிடைச்சுடும். ஸ்காட்லாந்து கார்டுல நேரக் கட்டுப்பாடு கிடையாது, கிளாஸ்கோவுல இருந்து இன்வர்னஸ் போற தூர பஸ்ல கூட ஏறலாம். வட அயர்லாந்துல 60-ல கிடைக்கிற ஸ்மார்ட்பாஸ்ல அங்க பஸ் ட்ரெய்ன் ரெண்டும் ஃப்ரீ, 65 ஆயிட்டா சீனியர் ஸ்மார்ட்பாஸா மாத்திக்கிட்டு எல்லை தாண்டி டப்ளின், கார்க் வரைக்கும் ஃப்ரீயாவே போய் வரலாம். இவ்வளவு இருக்கறப்போ இங்கிலாந்துல மட்டும் ஏன் 66, 67ன்னு இழுக்கறாங்கன்னு எனக்கு இன்னும் ஆத்தாமையாதான் இருக்கு, ஆறு ஏழு வருஷம்ங்கறது அந்த வயசுல சின்ன விஷயம் இல்ல.

லண்டன்ல இருக்கறவங்களுக்கு அந்த இடைவெளியை அடைக்க ஒரு வழி இருக்கு. 60 வயசு ஆன உடனே 60 ப்ளஸ் ஆய்ஸ்டர் கார்டுக்கு (ஆய்ஸ்டர்ங்கறது லண்டன்ல தொட்டுட்டு போற பயண கார்டு) அப்ளை பண்ணலாம், ஆரம்பத்துல ஒரு தடவை ஃபீஸ் கட்டணும், அப்புறம் வருஷா வருஷம் விலாசம் சரிபார்க்க ஒரு சின்ன தொகை, அவ்வளவுதான். பஸ், ட்ராம், ட்யூப்ங்கற பாதாள ரயில், அப்புறம் டிஎல்ஆர், ஓவர்கிரவுண்ட், எலிசபெத் லைன்ங்கற மத்த லண்டன் ரயில் எல்லாத்துலயும் ஃப்ரீயா போகலாம். பென்ஷன் வயசு வந்ததும் இது முடிஞ்சு, ஃப்ரீடம் பாஸுக்கு தனியா அப்ளை பண்ணணும், தானா மாறாது. ஃப்ரீடம் பாஸுக்கு ஃபீஸ் ஒண்ணும் கிடையாது. காசு கேக்கற வெப்சைட் ஏதாவது வந்துச்சுன்னா அது வேற எவனோ, உடனே மூடிடுங்க.

ரெண்டுக்குமே நேரம் ஒண்ணு இருக்கு, வார நாள்ல காலைல நாலரையில இருந்து ஒன்பது மணி வரைக்கும் செல்லாது. முன்னாடி ஃப்ரீடம் பாஸ் காலை பஸ்லயும் செல்லும், 2020 கொரோனா சமயத்துல நிறுத்தினது 2023-ல நிரந்தரமாவே ஆயிடுச்சு. அதனால காலைல எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் இருந்தா போறதுக்கு டிக்கெட் காசு தனியா ஆகும், முடிஞ்சா ரிசெப்ஷன்ல பாஸ் ஒன்பது மணிக்கு மேலதான் செல்லும், பத்தரை மணிக்கு மேல ஸ்லாட் கொடுங்கன்னு கேட்டு பாருங்க, கேட்டா பல இடத்துல மாத்தி கொடுப்பாங்க. லண்டனுக்குள்ள ஓடற நேஷனல் ரெயில் ட்ரெய்ன்ல பெரும்பாலும் ஒன்பதரைக்கு மேலதான். ஹீத்ரோவுக்கு பிக்காடில்லி லைன்ல பாஸை காட்டி போயிடலாம், ஹீத்ரோ எக்ஸ்பிரஸ்ல செல்லாது. இன்னொண்ணு, ட்யூப்ல உள்ள போகும்போதும் வெளிய வரும்போதும் மஞ்சள் வட்டத்துல கார்டை தொட்டு எடுக்கணும், பஸ்ல ஏறும்போது மட்டும் தொட்டா போதும். ஃப்ரீதானேன்னு தொடாம போறவங்க இருக்காங்க, செக்கர் வந்தா தேவையில்லாத சங்கடம்.

இப்போ அப்ளிகேஷன்ல நம்ம ஆளுங்களுக்குன்னே வர்ற ஒரு சிக்கல், பேரு. ஃபார்ம்ல கேக்கறது மூணே விஷயம்தான், போட்டோ, வயசுக்கு ஆதாரம், விலாசத்துக்கு ஆதாரம். வயசுக்கு பாஸ்போர்ட். விலாசத்துக்கு கவுன்சில் டாக்ஸ் (வீட்டு வரி) பில், கரண்ட் பில், பேங்க் லெட்டர் இந்த மாதிரி. பாஸ்போர்ட்ல அம்மா பேரு முழுசா கணவர் பேரோட நீளமா இருக்கும், பேங்க்ல இனிஷியல் போட்டு சுருக்கமா இருக்கும், ஜிபி (குடும்ப டாக்டர்), ஆஸ்பத்திரி லெட்டர்ல முன் பேரும் பின் பேரும் இடம் மாறி இருக்கும், சிலருக்கு பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டமே காலியா கிடக்கும். கம்ப்யூட்டர் ரெண்டையும் ஒப்பிட்டு பார்த்துட்டு வேற வேற ஆள்னு திருப்பி அனுப்பிடும். அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடியே, பாஸ்போர்ட்ல எந்த எழுத்துல எந்த வரிசைல பேரு இருக்கோ அதே மாதிரி பேங்க்லயும் ஜிபிகிட்டயும் மாத்தி வெச்சுடுங்க, பேங்க்ல மாத்தின பிறகு வர்ற முதல் ஸ்டேட்மென்ட்டையே ஆதாரமா கொடுக்கலாம். ஃபார்ம்லயும் பாஸ்போர்ட்ல இருக்கறபடியே போடுங்க, வீட்டுல கூப்பிடற பேரை போடாதீங்க.

அப்புறம் பிள்ளை வீட்டுல இருக்கற பெரியவங்களுக்கு வீட்டு பில் எதுவுமே அவங்க பேர்ல இருக்காது, எல்லாம் மகன் மருமகள் பேர்ல. இதுக்கு சுலபமான வழி அம்மா பேர்ல ஒரு பேங்க் அக்கவுன்ட் இந்த விலாசத்துல தொடங்கறது, அது மத்த பல விஷயத்துக்கும் உதவும். கவுன்சில் டாக்ஸ் பில்லுல அவங்க பேரையும் சேர்க்க முடியுமான்னு கவுன்சில்ல கேளுங்க. இது எல்லாம் ஆன்லைன்லதான் பண்ணணும்னு இல்ல, கம்ப்யூட்டர் தெரியாதவங்களுக்கு பல கவுன்சில் லைப்ரரில உக்காந்து உதவி பண்றாங்க, பேப்பர் ஃபார்மும் உண்டு. ஒரு ஆபீஸ்ல ஒரு தாத்தாவை மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பேப்பர் குறையுதுன்னு. அதுல இருந்து நான் எல்லார்கிட்டயும் சொல்றது, எல்லா பேப்பரையும் ஒரே ஃபைல்ல போட்டு ஒரே தடவைல கொண்டு போங்க, திருப்பி அனுப்பினா என்ன குறையுதுன்னு எழுத்துல கேட்டு வாங்கிட்டு வாங்க.

பாஸ் கைக்கு வந்ததும் ஒண்ணு மறக்காதீங்க, அது அவங்களுக்கு மட்டும்தான். அப்பா ஊருக்கு போயிருக்கார்னு அவர் பாஸை வந்திருக்கற மாமாவுக்கு கொடுத்தா பிடிச்சு வெச்சுக்குவாங்க, அபராதமும் வரும், அந்த வயசுல அந்த அவமானம் வேண்டாம்.

சரி, விசிட் விசாவுல ஆறு மாசம் வர்ற அப்பா அம்மாவுக்கு. மேல சொன்ன பாஸ் எதுவும் அவங்களுக்கு கிடையாது, அவங்க வீடு இங்க இல்லையே. ஆனா சீனியர் ரயில்கார்டு உண்டு, இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் அடிச்சு சொல்றேன். 60 வயசு ஆனா போதும், எந்த நாட்டு பாஸ்போர்ட்டா இருந்தாலும் வாங்கலாம். வருஷத்துக்கு 35 பவுண்ட், மூணு வருஷத்துக்கு சேர்த்து வாங்கினா 80. பிரிட்டன் முழுக்க ட்ரெய்ன் டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு குறையும். எடின்பரா போக வர ஒருத்தருக்கு 120 பவுண்ட் டிக்கெட்னு வெச்சுக்கோங்க, கிட்டத்தட்ட 80-க்கு வந்துடும், கார்டு காசு அந்த ஒரே பயணத்துல திரும்பி வந்துடுச்சு. அட்வான்ஸ் டிக்கெட்லயும் குறையும், அதனால முன்கூட்டியே புக் பண்ணி அதுக்கு மேல கார்டையும் போட்டா நல்லா லாபம். ஆன்லைன்ல பாஸ்போர்ட் நம்பரை ஏத்துக்கலன்னா விட்டுடாதீங்க, பெரிய ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டர்ல பாஸ்போர்ட்டை நேர்ல காட்டி ஃபார்ம் நிரப்பி கொடுத்தா அங்கயே தருவாங்க. லண்டனும் சுத்துப்பட்டு ஊர்களுக்கும் உள்ளயே போறதா இருந்தா வார நாள் காலை பீக் நேரத்துல இந்த தள்ளுபடி கிடையாது, கொஞ்சம் லேட்டா கிளம்புங்க.

இந்த ரயில்கார்டுல இன்னொரு பலன் இருக்கு, அது பல பேருக்கு தெரியறதே இல்ல. ஒரு சாதாரண ஆய்ஸ்டர் கார்டு வாங்கி, ட்யூப் ஸ்டேஷன்ல நிக்கற ஸ்டாஃப்கிட்ட ரயில்கார்டையும் ஆய்ஸ்டரையும் சேர்த்து கொடுத்து, இதை இதுல ஏத்தி கொடுங்கன்னு கேளுங்க. மெஷின்ல ரெண்டு நிமிஷம்தான். அதுக்கப்புறம் பீக் இல்லாத நேரத்துல ட்யூப், ஓவர்கிரவுண்ட் எல்லாத்துலயும் மூணுல ஒரு பங்கு தானாவே குறைஞ்சு எடுக்கும், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல எடுக்காதுங்கற அளவும் குறையும். பேங்க் கார்டுல தட்டி போனா இது வராது, ஏத்தின ஆய்ஸ்டரைத்தான் தொடணும். பஸ்ல தள்ளுபடி இல்ல, ஆனா முதல் பஸ்ல தொட்டதுல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தனை பஸ் மாறினாலும் ஒரே டிக்கெட் காசுதான். ரயில்கார்டோட காலக்கெடு முடிஞ்சு புதுசு வாங்கினா ஆய்ஸ்டர்ல திரும்ப ஏத்தணும், அதை மறந்துடாதீங்க. தூர பயணத்துக்கு பஸ்தான் வசதின்னா நேஷனல் எக்ஸ்பிரஸ் கோச்லயும் 60 தாண்டினவங்களுக்கு இதே மாதிரி மூணுல ஒரு பங்கு குறையற கார்டு இருக்கு.

அயர்லாந்து குடியரசுல கதையே வேற, இதை நான் மனசார பாராட்டுவேன். 1967-ல ஆரம்பிச்ச திட்டம், 66 வயசாகி அங்கயே நிரந்தரமா குடியிருந்தா போதும், வருமானம் பார்க்கறது இல்ல, பாஸ்போர்ட் பார்க்கறது இல்ல. டப்ளின் பஸ், லுவாஸ் ட்ராம், டார்ட்ங்கற டப்ளின் லோக்கல் ரயில், ஊர் விட்டு ஊர் போற ஐரிஷ் ரெயில் எல்லாமே ஃப்ரீ. பப்ளிக் சர்வீசஸ் கார்டுங்கற அரசாங்க அட்டைலயே ஃப்ரீ பயணத்துக்கான குறி போட்டு கொடுப்பாங்க. கணவனோ மனைவியோ கூட வந்தா அவங்களுக்கும் சேர்த்து கேக்கலாம், 2025 செப்டம்பர்ல இருந்து 70 தாண்டினவங்க எல்லாருமே துணைக்கு ஒரு ஆளை ஃப்ரீயா கூட்டிட்டு போகலாம். தனியா போக பயப்படற பாட்டிகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவின்னு நான் சொல்லி தெரிய வேண்டியது இல்ல.

கடல் தாண்டி அந்த பக்கம் போனா முதல்ல லக்சம்பர்க். 2020 மார்ச் 1-ல இருந்து அந்த நாடு பூரா பஸ், ட்ராம், ட்ரெய்ன் எல்லாருக்கும் ஃப்ரீ, வயசு கேக்கறது இல்ல, டூரிஸ்டும் அப்படியே ஏறிக்கலாம், டிக்கெட்டே கிடையாது. ட்ரெய்ன்ல செகண்ட் கிளாஸ் மட்டும் ஃப்ரீ, ஃபர்ஸ்ட் கிளாஸ்ல தெரியாம உக்காந்துடாதீங்க, எல்லை தாண்டி போற ட்ரெய்ன்ல எல்லைக்கு அந்த பக்கத்துக்கு டிக்கெட் வேணும். மால்டாவுலயும் 2022 அக்டோபர்ல இருந்து பஸ் ஃப்ரீன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது அங்க குடியிருக்கறவங்க பேர் போட்டு வாங்கற தனி கார்டுக்குத்தான், சுத்தி பார்க்க போறவங்க டிக்கெட் எடுக்கணும்.

அப்பா அம்மாவை வெளிநாடு சுத்தி காட்ட கூட்டிட்டு போறவங்களுக்கு நான் முதல்ல சொல்ற ஊர் ப்ராக். 65 தாண்டினவங்களுக்கு நகரத்துக்குள்ள மெட்ரோ, ட்ராம், பஸ் எல்லாம் ஃப்ரீ, பொறந்த தேதியும் போட்டோவும் இருக்கற பாஸ்போர்ட் கையில இருந்தா போதும், எங்கயும் பதிவு பண்ண வேண்டாம், மெஷின்ல எதையும் தட்ட வேண்டாம், நேரா ஏறிடலாம். செக் நாட்டு ட்ரெய்ன்லயும் 65-க்கு மேல பாதி விலை, புக் பண்ணும்போது பயணி வகைல சீனியர்னு சரியா தேர்ந்தெடுக்கணும். போலந்துல வார்சாவுல வயசு கொஞ்சம் அதிகம், 70, ஆனா அங்கயும் அடையாள அட்டையை காட்டினா போதும். போலந்து இன்டர்சிட்டி ட்ரெய்ன்ல 60-லயே 30 சதவீதம் குறையும். போர்ச்சுகல்ல சிபிங்கற அரசாங்க ட்ரெய்ன்ல 65 தாண்டினா பாதி விலை, லிஸ்பன்ல இருந்து போர்ட்டோ போற ட்ரெய்னும் சேர்த்துதான், கார்டு எதுவும் வாங்க வேண்டாம், பாஸ்போர்ட் மட்டும் கூட இருக்கணும்.

ஹங்கேரில பாஸ்போர்ட் நிறம்தான் பேசும். ஐரோப்பிய யூனியன் நாட்டு குடிமக்கள் 65 தாண்டியிருந்தா புடாபெஸ்ட் மெட்ரோ ட்ராமும் ஃப்ரீ, நாடு முழுக்க செகண்ட் கிளாஸ் ட்ரெய்னும் ஃப்ரீ, இன்டர்சிட்டில சீட் ரிசர்வேஷனுக்கு மட்டும் காசு. அதாவது ஃப்ரெஞ்சு, ஜெர்மன், டச்சு குடியுரிமை வாங்கின நம்ம பெரியவங்க தாராளமா போகலாம். இந்திய பாஸ்போர்ட்டோ இலங்கை பாஸ்போர்ட்டோ இருக்கறவங்க டிக்கெட் எடுத்துடுங்க, அங்க செக்கர்கள் சுற்றுலா இடங்கள்ல அடிக்கடி நிப்பாங்க, அங்க நின்னு விளக்கம் சொல்லிட்டு இருக்க முடியாது.

பிரான்ஸ்ல, பாரிஸ் லா ஷாப்பெல் பக்கம் இருக்கற நம்ம சனங்களுக்கு ரெண்டு வேற வேற விஷயம், ரெண்டையும் போட்டு குழப்பிக்கறாங்க. தூர ட்ரெய்னுக்கு கார்த் அவான்டாஜ் சீனியர், 60 வயசு, வருஷத்துக்கு 49 யூரோ, டிஜிவிங்கற அதிவேக ட்ரெய்ன்லயும் இன்டர்சிட்டே ட்ரெய்ன்லயும் 30 சதவீதம் குறையும், கூட வர்ற 4-ல இருந்து 11 வயசு வரைக்கும் உள்ள பேரப்பிள்ளைங்க மூணு பேருக்கு 60 சதவீதம் குறையும். லீவுல பேரப்பிள்ளைங்களை கூட்டிட்டு போற தாத்தா பாட்டி இதை வாங்காம இருந்தா நஷ்டம்தான். பாரிஸ் நகரத்துக்குள்ள போறதுக்கு நவிகோ சீனியர், 62 வயசு, பாரிஸ் வட்டாரத்துல குடியிருக்கணும், வேலைக்கு போகாம இருக்கணும் இல்ல பாதி நேரத்துக்கும் குறைவா போகணும், மாத பாஸ் பாதி விலைக்கு. இதுக்கும் மேல அமெத்திஸ்த்னு ஒண்ணு இருக்கு, அதை கொடுக்கறது நீங்க இருக்கற டிபார்ட்மென்ட் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), பாரிஸுக்கு ஒரு விதி, பக்கத்து டிபார்ட்மென்ட்டுக்கு வேற விதி, வருமான வரி பேப்பர் கேப்பாங்க. வருமானம் குறைவான பெரியவங்க முதல்ல இதைத்தான் கேட்டு பார்க்கணும், மேரிங்கற நகராட்சி கட்டடத்துல இருக்கற சமூக சேவை ஆபீஸ்ல போய் கேட்டா உங்க விலாசத்துக்கு என்ன விதின்னு சொல்லுவாங்க. பாரிஸ் விட்டு வெளிய டன்கெர்க்ல 2018-ல இருந்து பஸ் எல்லாருக்கும் ஃப்ரீ, மோன்பெலியேல 2023 கடைசில இருந்து அங்க குடியிருக்கறவங்களுக்கு ஃப்ரீ.

ஜெர்மனில நாடு முழுக்க வயசானவங்களுக்குன்னு இலவசம் கிடையாது. 65-ல பான்கார்டுங்கற ரயில் தள்ளுபடி கார்டு குறைஞ்ச விலைக்கு கிடைக்கும், பான்கார்டு 25, பான்கார்டு 50னு (தள்ளுபடி சதவீதத்தை வெச்ச பேரு) ரெண்டு உண்டு, வருஷத்துக்கு எவ்வளவு தூரம் போறீங்கன்னு பார்த்து எடுங்க. இதுல கவனிக்க வேண்டியது, பான்கார்டு தானாவே அடுத்த வருஷத்துக்கு நீண்டுடும், கெடுவுக்கு முன்னாடி எழுதி நிறுத்தலன்னா காசு போயிட்டே இருக்கும், வாங்கின அன்னைக்கே போன் காலண்டர்ல நிறுத்தற தேதியை போட்டு வைங்க. டாய்ச்லாண்ட் டிக்கெட்ங்கற மாத பாஸும் அப்படித்தான், 2026-ல மாசம் 63 யூரோ, லோக்கல் பஸ், ட்ராம், வட்டார ட்ரெய்ன் எல்லாத்துலயும் நாடு பூரா போகலாம், ஐசிஇங்கற அதிவேக ட்ரெய்ன்ல செல்லாது, மாசம் 10-ஆம் தேதிக்குள்ள நிறுத்தினாத்தான் அந்த மாச கடைசியோட முடியும். மாற்றுத்திறனாளி அட்டை வாங்க தகுதி இருக்கற பெரியவங்க, முட்டி தேய்ஞ்சு நடக்கவே சிரமப்படறவங்க, அந்த வழியையும் டாக்டர்கிட்ட பேசி பாருங்க, நடக்க முடியாததுக்கான குறி அந்த அட்டைல இருந்தா வருஷத்துக்கு ஒரு சின்ன தொகை கட்டி லோக்கல் பயணம் பூரா போகலாம்.

சுவிஸ்ல இருக்கறவங்க இலவசம்னு எதிர்பார்க்க வேண்டாம். அங்க எல்லாரும் வாங்கற ஹால்ப்டாக்ஸ் கார்டுதான் பெரியவங்களுக்கும் வழி, முதல் வருஷம் 190 ஃப்ராங்க், ட்ரெய்ன், பஸ், படகு பெரும்பாலும் பாதி விலை. தினமும் அலையறவங்களுக்கு சீனியர் விலைல ஜிஏங்கற நாடு பூரா போற பாஸ் உண்டு. நார்வேல 67 வயசு ஆனா பாதி விலைங்கறது வழக்கம், டிக்கெட் ஆப்ல ஹொன்னார் (சீனியர்) வகையை தேர்ந்தெடுக்கணும். ஸ்பெயின்ல ரென்ஃபே ரயில் கம்பெனி தர்ற தர்ஹேதா தொராடா கார்டு வெறும் 6 யூரோ, 60 வயசு, ரயிலை பொறுத்து 25-ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் குறையும். மாட்ரிட்ல இருந்து பார்சிலோனா ஒரே தடவை போனா கூட அந்த 6 யூரோ திரும்பிடும்.

பல நாடு சேர்த்து ட்ரெய்ன்லயே சுத்தணும்னா ஐரோப்பால குடியிருக்கறவங்களுக்கு இன்டர்ரெயில், இந்தியா இலங்கைல இருந்து வர்றவங்களுக்கு யூரெயில், ரெண்டுலயும் 60 தாண்டினவங்களுக்கு 10 சதவீதம் குறைச்சு சீனியர் பாஸ் இருக்கு. அப்பா அம்மா யூரெயில், பிள்ளைங்க இன்டர்ரெயில்னு ஒரே பயணத்துக்கு ரெண்டு வித பாஸ் எடுக்க வேண்டி வரலாம், அதுல தப்பில்ல, ஒரே ட்ரெய்ன்லதான் போவீங்க. பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி அதிவேக ட்ரெய்ன்ல பாஸ் இருந்தாலும் சீட் ரிசர்வேஷனுக்கு தனி காசு. நான் பார்த்த வரைக்கும் ரெண்டு மூணு ஊர்தான் போறீங்கன்னா இந்த பாஸை விட, முன்கூட்டியே எடுக்கற சாதா டிக்கெட்டும் அந்த நாட்டு சீனியர் தள்ளுபடியும்தான் மலிவு.

எந்த நாட்டுக்கு போனாலும் ஒரிஜினல் பாஸ்போர்ட்டை பெரியவங்க கையிலயே கொடுத்து வைங்க, மகன் பையில இருந்தா பிரயோஜனம் இல்ல. ட்ராம்ல மகன் ஒரு கதவு, அம்மா ஒரு கதவுன்னு ஏறியிருப்பாங்க, செக்கர் அம்மாகிட்டதான் முதல்ல வருவார். போன்ல போட்டோ இருக்குன்னு சொன்னா பல இடத்துல ஏத்துக்க மாட்டாங்க. கழுத்துல தொங்கற மாதிரி சின்ன துணி பை ஒண்ணு, அதுல பாஸ்போர்ட், கார்டு, பிள்ளைங்க போன் நம்பர் எழுதின துண்டு சீட்டு. செக்கர் கேட்டா எதை எடுத்து காட்டணும்னு கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒரு தடவை காட்டி பழக்கிடுங்க, பாஷை தெரியாத இடத்துல அந்த ஒரு பழக்கம் அவங்களுக்கு எவ்வளவு தைரியம் கொடுக்குதுன்னு பார்த்திருக்கேன்.

கடைசியா, தள்ளுபடி இல்லாத ஆனா எல்லா பெரியவங்களுக்கும் ஃப்ரீயா கிடைக்கிற ஒண்ணு, ஸ்டேஷன்ல உதவி. படி ஏற முடியாதவங்க, பெட்டி தூக்க முடியாதவங்க, பிளாட்ஃபார்ம் தெரியாம தடுமாறுறவங்க யார் வேணும்னாலும் கேக்கலாம், நோய் சர்டிஃபிகேட் எல்லாம் கேக்க மாட்டாங்க, எந்த நாட்டு பாஸ்போர்ட்னும் பார்க்க மாட்டாங்க. பிரிட்டன்ல இதுக்கு பேசஞ்சர் அசிஸ்ட்னு பேரு, ஆப்லயும் போன்லயும் கேக்கலாம், ட்ரெய்னுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி சொன்னா போதும். ஐரோப்பிய யூனியன் நாடுகள்ல 24 மணி நேரம் முன்னாடி சொல்லி வைக்கணும்னு விதி. டிக்கெட் எடுக்கற அன்னைக்கே இதையும் சேர்த்து பதிவு பண்ணிடுங்க, ரெண்டு ட்ரெய்ன் மாறணும்னா மாறற ஸ்டேஷனையும் சேர்த்து சொல்லுங்க, இறங்கற இடத்துல வீல்சேரோட ஆள் நிக்கும், அடுத்த ட்ரெய்ன் சீட்டுல உக்கார வெச்சுட்டுத்தான் போவாங்க.